சுங்கை கெலாடியின் நீர்நாய்களும் 188ஆம் பக்கத்தின் ஒரு வரியும்

அனுப்புநர்:
திருமதி சீதாலெட்சுமி வேலாயுதம்,
எண் 14, லோரோங் 3, தாமான் கெலாடி ஜெயா,
தெலுக் பங்லிமா காராங், சிலாங்கூர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுற்றுச்சூழல் மதிப்பீட்டுப் பிரிவு,
சிலாங்கூர்.

பொருள்: சுங்கை கெலாடி ஆற்றுக்கு அடியில் செல்லும் இயற்கை எரிவாயுக் குழாயை மாற்றும் திட்டம் – அறிக்கையின் 188ஆம் பக்கத்தைத் திருத்தவும், கிழக்குக் கரைத் துளைக்குழியை இடம் மாற்றவும் வேண்டுதல்.

பார்வை: 6 மே 2024 தேதியிட்ட தங்கள் அறிவிப்பு. கருத்துகள் வந்துசேர வேண்டிய கடைசி நாள் 18 ஜூன் 2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பொதுமக்கள் தமிழிலும் கருத்து எழுதலாம் என்று தங்கள் அறிவிப்பில் கண்டதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். மலாய் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. நான் இங்குள்ள தொழிற்பேட்டையில், ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அரசாங்க அலுவலகம் எதற்கும் இதுவரை கடிதம் எழுதியதில்லை. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மகிழ்ச்சியோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகார் மனுவில் அப்படிச் சொல்வது வழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

2. நாங்கள் குழாய் மாற்றுவதை எதிர்க்கவில்லை. இப்போதுள்ள குழாய் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது. எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகள் அதிலிருந்து நாற்பது மீட்டர் தூரத்தில் உள்ளன. கனமழையில் ஆறு கரையைத் தொட்டு ஓடும் நாள்களில் அந்தக் குழாயை நினைக்காமல் எங்களில் யாரும் சோறு உண்பதில்லை. புதுக் குழாய் வருகிறது என்ற அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்று ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்லிக்கொண்டோம்.

3. திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை மாவட்ட நூலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதும், மே 13ஆம் தேதி ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போய்ப் படித்தேன். மொத்தம் 412 பக்கம். வேலை எப்படி நடக்கும் என்பது படத்துடன் இருந்தது. எங்கள் கிழக்குக் கரையில் ஒரு பெரிய குழி வெட்டி, இயந்திரத்தை நிறுத்தி, ஆற்றுப் படுகைக்குக் கீழே துளைத்துக்கொண்டே போய், மறுகரையில் மேலே வந்து, அந்தத் துளை வழியாகப் புதுக் குழாயை இழுப்பார்கள். ஆற்று நீரைத் தொடவே மாட்டார்கள். படித்ததும் மனம் லேசானது. ஆற்றைத் தோண்டுவார்களா என்று நான் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

4. அறிக்கையின் 188ஆம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "திட்டப் பகுதியில் குறிப்பிடத்தக்க பாலூட்டி விலங்குகள் எவையும் காணப்படவில்லை." அதற்கான கள ஆய்வு ஜனவரியில் இரண்டு நாள், இரண்டு நாளும் காலை பதினொரு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நடந்ததாக அடிக்குறிப்பு சொன்னது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இந்த விஷயத்தில் என் தவறு ஏதாவது உண்டென்றால் அதுதான்.

5. என் கணவர் வேலாயுதம் லோரி ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கரையில் தூண்டில் போடுவார். பிடித்த மீனை வலைப்பையில் போட்டு நீரிலேயே கட்டி வைப்பார். இரண்டு வருடமாக அந்த வலையை ஏதோ ஒன்று கடித்துக் கிழித்து மீனைக் கொண்டுபோகிறது. பியாவாக் உடும்புதான் என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். மே 19ஆம் தேதி காலை வலை மறுபடியும் கிழிந்தது. இந்தத் தடவை ஈரச் சேற்றில் தடம் இருந்தது. போன் போட்டு, "சீதா, சீக்கிரம் வா. இது உடும்புக் கால் இல்ல, விரலுக்கு நடுவுல தோல் இருக்கு" என்றார். பக்கத்து வீட்டு ஆரிஃபாவும் என்னோடு வந்தார். அவர் ஜெஞ்சாரோம் பாசார் சந்தையில் நாசி லெமாக் சோற்றுக் கடை வைத்திருப்பவர். ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள்.

6. தடத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் ஆற்றோர நீப்பாப் பனைகளுக்குள் நடந்தோம். வழியெல்லாம் மீன் செதில் கலந்த எச்சம் கிடந்தது. தடம் போய் முடிந்த இடத்தில், வேர்களுக்கு அடியில் ஒரு வளை. அந்த வளையிலிருந்து ஆறு காலடி தூரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு கட்டை அடிக்கப்பட்டிருந்தது. நூலகத்தில் பார்த்த படம் எனக்கு நினைவிருந்தது. துளைக்குழியின் ஒரு மூலை அது. அதை என் கணவரிடம் சொல்ல வாயைத் திறந்தபோது ஆற்றில் ஒரு தலை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நீர் முழுக்கத் தலைகளாக இருந்தது. நீர்நாய்கள், ஐயா. ஒன்றையொன்று கீச்சுக் குரலில் கூப்பிட்டுக்கொண்டு, வரிசையாக, எங்களைப் பார்த்தபடியே நீந்தின. என் கணவர் கையைப் பிடித்து, "எண்ணு சீதா, நான் எண்ணினா தப்பாயிடும்" என்றார். மூன்று முறை எண்ணினேன். ஏழு. நாற்பத்தெட்டு வயதில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. திரும்பி வரும் வழியில் மூவருமே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

7. மறுநாள் அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனத்திலிருந்து, மே 23ஆம் தேதி, கள அலுவலர் திரு. விமலன் வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினார். பத்தரை மணிக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றார். ஒன்றும் வரவில்லை. வளையைப் படம் எடுத்துக்கொண்டு, "பழைய வளையாகவும் இருக்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரே நேரத்தில் எடுத்த மாதிரிகளை மட்டும் சோதித்துவிட்டுச் சரக்கை அனுப்பமாட்டோம். அதை மட்டும் அவர் வண்டியில் ஏறும்போது சொன்னேன்.

8. ஜூன் 1ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வாசலில் மணி அடித்தது. திரு. விமலன் நின்றார். நிறுவன வண்டி இல்லை, சீருடை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. கிள்ளானிலிருந்து தன் மோட்டார் சைக்கிளில் வந்ததாகச் சொன்னார். நான் சொன்னது பத்து நாளாக மனதை விட்டுப் போகவில்லையாம். அவர், நான், என் கணவர், அன்று கடையைப் பிந்தித் திறப்பதாகச் சொல்லி வந்த ஆரிஃபா என நால்வரும் கரையில் உட்கார்ந்தோம். ஏழு இருபதுக்கு ஏழும் வந்தன. அவர் விரல் விட்டு எண்ணினார். அதன் பிறகு நடந்ததை நாங்களும் அதுவரை கண்டதில்லை. ஒரு பெண் நீர்நாய் வளைக்குள் போய், ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்வி வெளியே கொண்டுவந்தது. மண்ணில் விட்டது. திரும்பிப் போய் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஆரிஃபா வாயைப் பொத்திக்கொண்டு, "அல்லா, மூணு குட்டி" என்று காதுக்குள் சொன்னார். கடைசிக் குட்டி தள்ளாடி நடந்து போய்ச் சிவப்பு ரிப்பனை மோந்து பார்த்தது.

9. குட்டிகள் வளைக்குள் போனதும் திரு. விமலன் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்த 188ஆம் பக்கத்து வரிய எழுதினது நான்தான்" என்றார். இரண்டு நாளும் மழை, வண்டி பிந்தி வந்தது, நேரம் போதவில்லை என்றார். பிறகு, அதெல்லாம் காரணம் ஆகாது என்று அவரே சொன்னார். இனி என்ன செய்வது என்று கேட்டேன். "அறிக்கை வெளியாயிடுச்சு. அதுல நானா ஒரு எழுத்தை மாத்த முடியாது. ஆனா மக்கள் எழுத்துல கேட்டா நாங்க பதில் சொல்லியே ஆகணும். எழுதுங்க அக்கா. என் பேரையும் போட்டு எழுதுங்க" என்றார். அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடுகிறேன். மறைக்காமல் சொன்ன ஒரே காரணத்துக்காக அவருக்கு எந்தத் தீங்கும் நேரக்கூடாது என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

10. தாமானில் எல்லோருக்கும் இது மகிழ்ச்சியாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில், குழாய்க்கு மிக அருகில் இருப்பது திரு. தம்புசாமியின் வீடு. இந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்க நான் போனபோது, "ஏம்மா, நீர்நாயைக் காப்பாத்துறேன்னு சொல்லி வேலைய நிறுத்திட்டீங்கன்னா, பழைய குழாய் மேல படுத்துத் தூங்குறவன் நான்தானே" என்றார். அவர் சொன்னது நியாயம். தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். வளையிலிருந்து மேல்பக்கம் நூற்றைம்பது மீட்டரில் ஒரு பழைய செங்கல் சூளையின் காலி இடம் இருக்கிறது, கான்கிரீட் தரை, லோரி போகும் பாதை ஏற்கெனவே உண்டு, அங்கே குழி வெட்டினால் மரமும் வெட்ட வேண்டாம், நாளும் மிச்சம் என்றார். இளவயதில் அந்தச் சூளையில் வேலை செய்தவர் அவர். கையால் வரைந்த வரைபடம் ஒன்றும் கொடுத்தார். அது இணைப்பில் உள்ளது. கையெழுத்தும் போட்டார். இத்துடன் 94 கையெழுத்துகள் உள்ளன.

11. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

அ) 188ஆம் பக்கத்தின் அந்த வரியை நீக்கிவிட்டு, விடியற்காலையிலும் மாலையிலும் முறையாக மறு ஆய்வு செய்து, கண்டதை எழுத வேண்டும்.

ஆ) துளைக்குழியையும் துளைக்கும்போது வெளிவரும் சேற்று நீரைத் தேக்கும் குட்டையையும் செங்கல் சூளை இடத்துக்கு மாற்ற முடியுமா என்று பொறியாளர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். மண்ணும் தூரமும் ஒத்துவருமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இ) முடியாது என்றால், காரணத்தை எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். குட்டிகள் வளையை விட்டுப் போகும்வரை எங்கள் கரை வேலையை மட்டும் தள்ளிவைத்து, மறுகரை வேலையைத் தொடங்கலாம்.

ஈ) எந்த வழியானாலும் பழைய குழாயை மாற்றும் வேலை தாமதமாகக் கூடாது. இதை என் பெயரிலும் திரு. தம்புசாமியின் பெயரிலும் எழுதுகிறேன்.

12. இறுதியாக ஒரு தனிப்பட்ட வேண்டுகோள். முடிவு எடுப்பதற்கு முன் தாங்கள் நேரில் ஒரு தடவை வர வேண்டும். காலை ஏழு மணிக்குக் கடல் ஓதம் இறங்கி ஆற்று நீர் வடியும் நாள்களைக் குறித்துப் பட்டியல் இணைத்துள்ளேன். எந்த நாளைச் சொன்னாலும் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பேன். காலணி சேறாகும். இப்போது தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக நீருக்குள் இழுத்து நீந்தப் பழக்குகிறது; மூன்றும் பழகிவிட்டால் வளையை விட்டுப் போய்விடும் என்கிறார் திரு. விமலன். முதல் இரண்டும் போன வாரமே பழகிவிட்டன. மூன்றாவது மட்டும் ஒவ்வொரு நாளும் கத்திக்கொண்டு கரைக்கே ஓடி வந்தது. நேற்றுக் காலை யாரும் இழுக்காமல், தானாகவே, அது ஆற்றில் இறங்கிவிட்டது. ஆகையால் சீக்கிரம் வாருங்கள், ஐயா.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
சீதாலெட்சுமி வேலாயுதம்

இடம்: தெலுக் பங்லிமா காராங்
நாள்: 14 ஜூன் 2024

இணைப்புகள்: 94 பேரின் கையெழுத்துகள், மலாய் மொழிபெயர்ப்பு, திரு. தம்புசாமி வரைந்த வரைபடம். கைப்பேசியில் எடுத்த பதினொரு படங்கள் (இரண்டு தெளிவாக இல்லை). நீர் வடியும் நாள்களின் பட்டியல்.