நாற்பத்தெட்டு சோப்பும் ஒரு வெள்ளி அட்டையும்

மார்ச் 3, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர். இன்று நாற்பத்தெட்டு குளியல் சோப்பு வாங்கி வந்தேன்.

சோப்புக்கு மட்டும் மூன்று மடங்கு புள்ளி என்று கடையில் பலகை வைத்திருந்தார்கள். கால் தானாக அங்கே போய் நின்றுவிட்டது. கல்லாவில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னம்மா, ஹாஸ்டல் நடத்துறீங்களா?"

"இல்ல கண்ணு, பிளேன் ஏறப்போறேன்."

அதன் பிறகு அவள் என்னை விட்டுவிட்டு சோப்பை மட்டும் எண்ணினாள்.

விஷயம் இதுதான். வங்கி கொடுத்த அட்டையில் எதை வாங்கினாலும் விமானக் கம்பெனி புள்ளி போடுகிறது. பறக்கவே வேண்டாம். வெங்காயம் வாங்கினாலும் புள்ளி, விளக்குமாறு வாங்கினாலும் புள்ளி. இந்த மாதம் 31க்குள் அறுபதாயிரம் சேர்ந்தால், தங்கச்சி ஊருக்குப் போய்வர ஒரு டிக்கெட் சும்மா. கூட வருகிறவருக்குப் பாதி விலை. அதோடு வெள்ளி அட்டை: வரிசையில் முன்னால் விடுவார்கள், ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றலாம், காத்திருக்கிற அறையில் கேட்டதெல்லாம் சாப்பிடலாம். சேராவிட்டால் சேர்த்தது அத்தனையும் அழிந்துவிடும். இன்றைக்கு என் கையில் நாற்பத்தோராயிரம்.

ஏப்ரல் 18 அன்று தங்கச்சி சொந்தமாக முடிவெட்டும் கடை திறக்கிறாள். அவளைப் பார்த்து எட்டு வருஷம். "நீ வராம ரிப்பன் வெட்ட மாட்டேன்க்கா" என்று போனில் சொல்லிவிட்டாள். சின்ன வயதில் என் தலையில்தான் வெட்டிப் பழகினாள். ஒரு பக்கம் காது தெரியும், மறு பக்கம் தெரியாது. அந்தத் தலையோடு பள்ளிக்கூடம் போனேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனால் காரணம் தலை இல்லை, கணக்குப் பாடம்.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரரிடம் பாதி விலை டிக்கெட் பற்றிப் பேச்சை எடுத்தேன். மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, கீழே இருட்டைப் பார்த்தபடி பீடா மெல்லுவார். விமானம் என்றால் மட்டும் வேர்த்துவிடும்.

"லிஃப்ட் கம்பில தொங்குது. பிளேன் எதுல தொங்குது?"

யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்விதான்.

"நம்பிக்கைலங்க."

"அப்ப நம்பிக்கை உள்ளவங்க போங்க."

சரி, தனியாகப் போகிறேன். பக்கத்து சீட்டில் நல்ல ஆளாக யாராவது வராமலா போவார்கள்? அப்படியே சொன்னேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

வழி கிடைத்துவிட்டது! என் சலவைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது வாங்கத்தானே செய்கிறார்கள்? அதை நான் அட்டையில் வாங்கிக் கொடுக்கிறேன், காசை என் கையில் கொடுத்துவிடட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. புள்ளி மட்டும் எனக்கு.

முதல் போணி மேல்வீட்டு டீச்சரம்மா. பல் மருத்துவரிடம் நானே கூடப் போய் அவர்களுடைய பல்செட்டுக்கு அட்டையைத் தேய்த்தேன். முழுசாக ஆயிரத்து நூறு புள்ளி. இனி அந்த அம்மா சிரிக்கும்போதெல்லாம் எனக்கு விமானத்து இறக்கைதான் தெரியும். "அடிக்கடி சிரிங்க டீச்சர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று மூன்று வீட்டுக்குக் காய்கறி, மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குக் கழிவறைப் பீங்கான். பீங்கானுக்குத்தான் புள்ளி அதிகம்.

மார்ச் 16, திங்கள்

தெருவில் எனக்குப் பைலட்டம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் விடுவேனா? துணி கொடுக்க வருகிறவர்களிடம், "இஸ்திரிப் பெட்டி சூடாகுது, எல்லாரும் பெல்ட்டப் போட்டுக்கங்க, அவசர வழி பின்னாடி பக்கெட் பக்கத்துல" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறேன். மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் வாங்க வந்த சட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஐம்பத்து மூவாயிரம்.

மார்ச் 20, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

ஐம்பத்தேழாயிரம் ஆகிவிட்டதே, டிக்கெட்டுக்கு முன்னாலேயே சொல்லி வைப்போம் என்று விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள். பெயரைக் கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"மேடம், உங்க கைல இருக்கறது துணை அட்டை. புள்ளியெல்லாம் உங்க ஹஸ்பண்ட் பேர்லதான் சேருது. அவர்தான் மெம்பர்."

"அவர் ஒரு சோப்புகூட வாங்கலியேம்மா!"

"டிக்கெட் அவர் பேர்லதான் எடுக்க முடியும். நீங்க கூடப் போறவங்களா பாதி விலைல போகலாம்."

"அவரு வரலன்னா?"

"அப்ப ரெண்டும் கிடையாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேற என்ன உதவி. அட்டையில் என் பெயர் போட்டிருக்கிறதே, எழுத்துக் கூட்டிப் படித்துத்தானே வாங்கினேன். அதற்கு மேல் பொடி எழுத்தில் அவர் கணக்கு என்று இருந்ததாம். அதை எவன் படிப்பான்? ஒண்ணே முக்கால் வருஷம் நாயா அலைஞ்சது நான். வெள்ளி உறுப்பினர் யாரு? சோபால படுத்துக்கிட்டு வாயப் பொளந்து தூங்குதே, அது!

மார்ச் 21, சனி

அவரிடம் சொன்னேன். கெஞ்சவில்லை, சொன்னேன். ரொம்ப நேரம் ஸ்க்ரூடிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னால முடியாதுடி" என்றார். கிண்டல் பண்ண வாயெடுத்தேன். துடைத்ததையே அவர் மறுபடி துடைப்பதைப் பார்த்ததும் எழுந்து போய் அவருக்குத் தட்டு வைத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

தங்கச்சி போன் செய்தாள். கடை மூன்றாவது மாடியாம், கண்ணாடியெல்லாம் மாட்டிவிட்டாளாம். "எந்தப் பிளேன்ல வர்றேன்னு சொல்லு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

டீச்சரம்மா வாயெல்லாம் பல்லாக, "என்ன பைலட்டம்மா, எப்பப் பறக்கறீங்க?" என்றார்கள். இரண்டாயிரத்து எண்ணூறு குறைகிறது. இனிக் குறைந்தால் என்ன, கூடினால் என்ன? சோப்புப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வீடே மணக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 31, செவ்வாய்

சாயங்காலம் கடைக்கு வந்தார். வேலை நேரத்தில் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன், உடம்பெல்லாம் கிரீஸோடு நின்றார்.

"கம்பெனிக்கு லிஃப்ட் கம்பிவடம் வாங்கினேன். பதினஞ்சு மாடிக்கு."

"அதுக்கென்ன இப்ப?"

"காசு கம்பெனி குடுத்துரும். ஆனா நம்ம அட்டைலதான் வாங்கினேன். அதுக்கும் புள்ளி உண்டாமே?"

போனில் பார்த்தேன். அறுபத்தோராயிரத்து நானூறு.

"அப்ப நீங்க..."

"கம்பில தொங்குற காசுலதான போறோம். பாத்துக்கலாம்." கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "ஜன்னல் பக்கம் மட்டும் வேணாம்" என்றார்.

இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அழுதேன். ஒரு வெள்ளைச் சட்டை தீய்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரருடையது. போன தடவை மறந்துவிட்டுப் போனாரே, அதே சட்டை.

ஏப்ரல் 16, வியாழன்

விமான நிலையம். கிளம்பும்போது தைரியத்துக்காகச் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி வந்திருக்கிறார். சோதனையில் பிடித்துவிட்டார்கள்.

"எதுக்கு சார் இது?"

"இருபத்தாறு வருஷமா கூடவே இருக்குங்க."

"கூட வராது சார்."

தொட்டியில் போட்டார்கள். இறந்தவரைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. "வெள்ளி உறுப்பினர் இந்தப் பக்கம் வாங்க சார்" என்றாள் சீருடைப் பெண். அவருக்குத்தான் அந்த சார். என்னைப் பார்த்து, "இவங்க உங்க விருந்தாளியா சார்?" என்று கேட்டாள். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்து, யோசித்து, "ம், வரட்டும்" என்றார். முப்பது வருஷமாக நான் அவரைக் கிண்டல் செய்ததற்கெல்லாம் ஒரே சொல்லில் வட்டியோடு வாங்கிவிட்டார்.

ஓய்வறையில் நான் நான்கு தட்டு சாப்பிட்டேன். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார். விமானம் கிளம்பியதும் என் கையைப் பிடித்தவர், இறங்கிப் பெட்டி வந்த பிறகுதான் விட்டார். விரலில் மோதிரம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது அழிய வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

தங்கச்சி வெளியே நின்றாள். என்னைக் கட்டிக்கொள்ளும் முன்னால் என் முடியைத்தான் பார்த்தாள். "யாருக்கா இப்படி வெட்டினது?" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

இதை லிஃப்ட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் சிக்கி நிற்கிறது. கீழே சோப்புப் பெட்டி, அதன்மேல் நான், மடியில் நோட்டு.

கடை திறப்புக்குத் தங்கச்சிக்கு நாற்பத்தெட்டு சோப்பும் கொண்டுவந்தேன். அதே நேரம் தலை அலசுகிற நாற்காலியும், அதைத் தூக்கி வந்த இரண்டு பேரும் லிஃப்ட்டில் இருந்தார்கள். பழைய லிஃப்ட். "எடை கூடுது, அடுத்த நடைல போலாம்" என்றார் வீட்டுக்காரர். "வெள்ளி உறுப்பினர் காத்திருக்கலாமாங்க?" என்று நான்தான் அவரை உள்ளே தள்ளினேன்.

ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் கதவு திறந்துவிடும் என்கிறார். ஸ்க்ரூடிரைவர் இல்லை. இவ்வளவுக்கும் மனுஷனுக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை. நாற்காலி தூக்கி வந்தவர்களில் ஒருவர் வேர்த்துக் கொட்டினார். வீட்டுக்காரர் அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பிலதான் தொங்குது தம்பி, பயப்படாத" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேலே கதவு இடுக்கில் தங்கச்சியின் செருப்பு தெரிகிறது. "அக்கா, நீ வர்ற வரைக்கும் ரிப்பன தொட மாட்டேன்" என்றாள். "கத்தரிக்கோலையாவது கீழ போடுடி, உங்க மாமாவுக்கு வேணும்" என்றேன். போட்டாள். இடுக்கில் பாதியில் சிக்கிக்கொண்டது. ரிப்பன் வெட்ட வைத்திருந்ததும் அது ஒன்றுதான்.

எதிரே சுவரில் தகடு அடித்திருக்கிறார்கள். நான்கு பேர், முந்நூறு கிலோ. எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டேன், பொடி எழுத்து உட்பட. கூடுதல் பெட்டி பற்றி அதில் எதுவும் இல்லை.