முண்டியம்பாக்கத்துச் சான்றிதழ்

மூன்று விஷயங்களை வரிசையாகச் சொல்லிவிட நினைக்கிறேன்.

1. இன்று மேசை இழுப்பறையில் கிடைத்த மஞ்சள் தாள்.
2. அலுவலகத்தில் உங்களுக்காக நான் செய்த ஏற்பாடு.
3. உங்கள் சான்றிதழை வெளியே காட்டாமல் வைத்தது சரிதான் என்பது.

என் விழுப்புரம் வீட்டில் மின்கட்டண அட்டையைத் தேடியபோது, அலுவலகக் காகிதங்களோடு வந்துவிட்ட உங்கள் மஞ்சள் பிளாஸ்டிக் தாள் கையில் பட்டது. ஓரத்தில் நீங்கள் கொறிக்கும் மல்லாட்டைக் கடலையின் எண்ணெய்க் கறை. அதைக் கோப்பின் மேல் வைத்து, அதன் வழியாகப் படித்தால்தான் உங்களுக்கு வரிகள் அசையாமல் நிற்கும். நீங்கள் காலமாகி நாற்பது நாளாகிறது.

திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர், நீங்கள் இளநிலை உதவியாளர். ஒலக்கூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் பெண். மனுவை வாசிக்கத் திணறினால் பக்கத்து மேசைக்காரர் விடமாட்டார்.

“கோட்டாவுல வந்தா இப்டித்தான். ஜல்தியா படிம்மா, நான் ரிடையர் ஆயிடப் போறேன்.”

“ஆயிக்கோங்க சார். நீங்க தூங்கற நேரத்துல நான் ரெண்டு மனு படிச்சிக்கினு இருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

மறுநாள் முதல் அரை மணி முன்னதாக வந்து, தபால்களை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருமுறை கேட்டால் போதும், சர்வே எண்கூட உங்கள் நினைவில் நிற்கும். நீண்ட குறிப்புகளை நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

பிறகு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உங்கள் வாசிப்புத் திணறலுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அலுவலகம் மூலம் அனுப்பினால் துறைத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். தேறினால்தான் பதவி உயர்வு.

“மேல அனுப்புங்க சார். நான் சோம்பேறி இல்லன்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க.”

“வேணாம்மா. ஏற்கெனவே ஜாதிய வச்சிப் பேசறாங்க. இதுவும் சேந்துக்கும்.”

“இப்ப மட்டும் பேசாமயா இருக்காங்க?”

நான் சான்றிதழை மடித்து என் அலமாரியில் வைத்தேன். நீங்கள் மறுபடி கேட்கவில்லை. மூன்று முறை தேர்வெழுதினீர்கள், மூன்று முறையும் நேரம் போதவில்லை. கடைசிவரை இளநிலை உதவியாளராகவே இருந்தீர்கள்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. உங்கள் மானத்தைக் காத்ததாக இத்தனை நாள் நம்பியிருந்தேன். அந்தச் சான்றிதழை அனுப்ப என் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் அடுத்து என்னைப் பார்த்துச் சிரிப்பாரோ என்றுதான் அதைப் போடவில்லை.