ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

மேல் பிரிவு லயம்,
குருவிட்ட.
12.06.2006

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. கட்டுநாயக்காவில் நீயும் உன்னோடு போர்டிங்கில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போனது. மனம் வரவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. புதுச் சூப்பர்வைசர், போர்டிங்கில் தண்ணீர் வராதது, எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, கடைசியில் ஏதோ தடிமன் காய்ச்சலைச் சொல்வது மாதிரி, உனக்கும் பிரஷராம் என்று எழுதியிருக்கிறாய். டொக்டர் தந்த குளிசை அடிக்கடி ஒண்ணுக்குப் போக வைக்கிறதாம். கார்மெண்ட்டில் பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் அனுமதிக் கார்ட் கேட்டு நிற்க வேண்டுமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறாயாம். நல்ல கெட்டிக்காரிதான் போ! அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கம்மா செய்ததும் இதேதான்.

நீ தூரத்தில் இருந்து பயந்து சாவாய் என்றுதான் அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி என்று எழுதி வந்தேன். கொஞ்சம் இல்லை, மகளே. மாசி மாதம் ஒரு நாள் தேயிலை இஸ்டோரில் வேலை முடிந்து வருகிறேன், வாசலில் நின்றவள் என்னைப் பார்த்து, முதலாளி, கரவல கீயத என்று சிங்களத்தில் கருவாட்டு விலை கேட்டாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, உனக்கென்றால் சும்மாவே தருகிறேன் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவள்.

அதற்குப் பிறகு ஒரு பௌர்ணமி, போயா லீவு நாள். வேலையே கிடையாது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு வெள்ளனவே கிளம்பிவிட்டாள். லயத்துக்குக் கீழே மாணிக்கம் தோண்டி மூடாமல் விட்ட குழிகள் இருக்கின்றன அல்லவா, மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும், அதன் விளிம்பில் நின்று கங்காணியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டால் திடுக்கிட்டு உள்ளே விழுந்துவிடுவாள் என்று நான் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போய்க் கையைப் பிடித்தேன். இப்போது அடைமழைக் காலம். ஒரு நிமிஷம் கண் அசந்தால் போதும்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இராஜகுமாரி, எல்லாம் பிரஷர் குளிசையால் வந்த வினை, அதன் சூடு மூளைக்கு ஏறிவிட்டது, தூக்கி வீசுங்க என்றாள். எனக்கும் அப்படி இருக்குமோ என்று ஒரு சந்தேகம். வீசலாமா என்று தேடும்போதுதான் பழைய பால்மா டின் நிறையக் குளிசை கிடந்தது. கிளினிக்கில் தந்த உறைகள், பிரிக்காமல் அப்படியே. இராஜகுமாரியே அப்புறம் மெல்லச் சொன்னாள். மலையில் ஒதுங்க இடம் கிடையாது, கொழுந்து நிரையை விட்டு இறங்கினால் கங்காணி கத்துவான், கீழே போனால் அட்டைக் கடி. அதனால் வேலை நாளில் பொம்பளைகள் யாரும் அந்தக் குளிசையைப் போடமாட்டார்களாம். கிளினிக்குக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் ஒழுங்காக விழுங்கிவிட்டுப் போனால் டொக்டரிடம் ஏச்சு விழாதாம். நானும் கிளினிக் துண்டைப் பார்த்துவிட்டு, பிரஷர் நல்லாத்தான் இருக்கு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டின்னோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு டொக்டர் மிஸ்ஸிடம் போனேன். குளிசையால்தான் மறதியா என்று கேட்டேன். இல்லை, இத்தனை வருஷம் பிரஷர் கூடியே இருந்ததில் மூளைக்குப் போகிற சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருக்கும், அதுவும் ஒரு காரணம் என்றார். ஒழுங்காகப் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வராமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். இனிக் குளிசையை விடாமல் கொடுங்க, போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார் பார். ஒண்ணுக்குப் போக வைக்காத வேறு குளிசையும் இருக்கிறதாம். மலையில் கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றித் தந்திருப்பேனே என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்கம்மாவுக்கு வெட்கம்.

உனக்கும் அந்த வெட்கம் இருக்கும். எனக்குத் தெரியும். லீவு தரமாட்டார்கள், சம்பளம் வெட்டுவார்கள் என்று சாக்குச் சொல்லாதே. இந்த வாரமே போ. கார்ட் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, வேறு குளிசை கேள். அதுவரைக்கும் இருக்கிறதை நிறுத்தாதே. சூப்பர்வைசர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். கட்டுநாயக்காவில் வேலை செய்கிற ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு, அவளுக்குப் பிரஷராம் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லி, அது யாரு என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன்? அவள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினாள். பிறகு என் காதருகே குனிந்து, அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க, வேல நாள்ல முழுங்க வேணாம், கிளினிக்குக்கு முந்தின ரெண்டு நாள் முழுங்குனா போதும், டொக்டருக்குத் தெரியாது என்றாள்.

அம்மா பேச்சைக் கேள், அம்மா பேச்சைக் கேள் என்றே உன்னை வளர்த்தவன் நான். இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காதே, என் சாமி.

சாகும்வரை உன் புத்தி உன்னோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டபடி,
அப்பா