பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டேன்

கூமாசி

மகன் யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கை ஆபெனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். என் கடைக் கணினியை என்னைக் கேட்காமல், ஹாம்பர்க்கில் உட்கார்ந்தபடியே நீ புதிய பதிப்புக்கு மாற்றினாய். அதனால் ஊரில் பாதிப் பேரின் சாவுச் சுவரொட்டியை அடித்துக் கொடுத்த நான், உன் அம்மாவின் சுவரொட்டியை அடிக்க முடியாமல் நின்றேன். நீ செய்த தப்பு இதுதான்.

போனில் என்ன சொன்னாய், பழசுல வைரஸ் வரும்ப்பா, பிடிக்கலைன்னா பத்து நாளுக்குள்ள ஒரு பட்டனைத் தட்டுங்க, பழசே வந்துடும் என்றாய். மறுநாள் உன் அம்மா போய்விட்டாள். ஒரு வாரச் சடங்கு முடிந்து, உன் மாமன்கள் கூடி அடக்கத்துக்கு நாள் குறிக்கும்வரை எந்தச் சாவு வீட்டுக்காரன் கடை திறப்பான்? நீயும் இங்கே பிறந்தவன்தானே, அது தெரியாதா? நான் திறந்தபோது பெரிய அச்சு இயந்திரம் உன் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் ஊமையாகக் கிடந்தது, நீ சொன்ன பட்டனையும் காணோம். பழுது பார்க்கும் ஃபுசேனி வந்து பார்த்துச் சிரித்தான். பெரியவரே, கெடு தாண்டிடுச்சு, இனி மொத்தத்தையும் துடைச்சிட்டுத்தான் பழசை ஏத்தணும், எதையெல்லாம் எடுத்து வைக்கட்டும் என்றான். எழுத்துருக்களை எடு, வாடிக்கைக்காரர் வேலைகளை எடு, அவள் தனியாக இருக்கும் படங்களை எடு என்றேன். உன் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது, பள்ளிச் சீருடையில் நீ, விமான நிலையத்தில் உன்னைக் கட்டிக்கொண்டு அழும் அம்மா, எல்லாம் அதில். ஆபெனா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா, அதுல அம்மாவும் இருக்காங்க, அண்ணன்கிட்ட வேற பிரதி கிடையாது என்று கெஞ்சினாள். துடை என்றேன். ஃபுசேனி மறுபடி கேட்டான், மறுபடியும் அதையே சொன்னேன்.

பழைய பதிப்பு ஏறியதும் இயந்திரம் பேசிவிட்டது. சுவரொட்டி நன்றாக வந்திருக்கிறது, பிள்ளைகள் என்ற இடத்தில் ஆபெனா பெயர் மட்டும். உன் பெரிய மாமன் கடைக்கே வந்து, என்ன மச்சான், மூத்தவன் எங்கே, பேருக்குப் பக்கத்துல ஹாம்பர்க்னு போட்டா நமக்குத்தானே கௌரவம், செத்தவ சுவரொட்டியிலயா உன் வீம்பைக் காட்டுறே என்று கத்தினார். சந்தை வரைக்கும் ஒட்டியாயிற்று என்று சொல்லி அனுப்பினேன்.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் குறைவில்லாமல் வைக்கட்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை அடக்கம், அதுவரை உன் அம்மா பிணவறையில்தான். தலைமாட்டில் ஆபெனா நிற்பாள். வந்தவர்களுக்கு மாமன் நன்றி சொல்வார். நீ மறுபடி உள்ளே வராதபடி கடைக் கணினியிலிருந்து ஃபுசேனி கழற்றிய இணைய இணைப்பை யாரும் திரும்ப மாட்டக் கூடாது. நீ வந்தால் சிவப்புத் துணி கட்டாதே, அது பெற்ற பிள்ளைகளுக்கு. கறுப்பு கட்டிக்கொண்டு வந்து விருந்தாளிகள் வரிசையில் உட்கார்.

உன் அப்பா,
க்வாட்வோ அசீடு