ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஆயிரம் தடவை

பிப்ரவரி 18, காலை 6.10. உன் நிரல் இருபது ஓட்டம் முடித்திருக்கிறது. நீ சொன்ன தாமதம் பதினொன்றில் வருகிறது. ஒன்பதில் வரவில்லை.

உன் கம்ப்யூட்டர் அரியாங்குப்பத்தில் என் அறைக்கு வந்து நாலு மாதமாகிறது. சூடேறினால் தூசி கருகும் வாசம் வருகிறது. உன் அறையிலும் இதே வாசம்தான். சுத்தம் பண்ணச் சொன்னால், "ஓடுறத எதுக்குடா தொடணும்" என்பாய். நானும் தொடவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் தேடாதே.

நீ காய்ச்சலில் படுத்தபோது நம் கட்டுரை ஆய்விதழுக்குப் போயிருந்தது. அந்தக் காய்ச்சலிலேயே நீ போன பிறகு பதில் வந்தது. பிரசுரிக்கலாம், ஒரே ஒரு சந்தேகம்: கொந்தளிப்பை மாற்றிப் போட்டால் விடை எவ்வளவு மாறும்? ஒரு வரி எழுதி அனுப்பினால் முடிந்திருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் உன் நிரலைத் திறந்தேன்.

உங்க அத்தா ஒருநாள் பையும் பெட்டியும் விற்கும் தன் கடையில் வைத்து உன்னைக் கேட்டார், "இத்தினி வருஷமா இன்னாதான்டா படிக்கிற?" என்று. நானாக இருந்தால் சூரியக் காற்றில் ஆரம்பித்து அவரைத் தூங்க வைத்திருப்பேன். சூரியனிலிருந்து ஓயாமல் வீசுகிற அந்தக் காற்று காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதில் சுழலும் முறுக்குமாகக் கொந்தளிப்பு. விண்மீன்களுக்கு நடுவிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் அந்தக் காற்றை எதிர்த்து, சுழல்களில் இடிபட்டுத்தான் பூமிவரை வர வேண்டும். நீ இது எதையும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழம காந்தி வீதி சந்தையில கூட்டத்துக்கு எதுர நடந்து வர்றேன்னு வெச்சுக்க, அத்தா. தூரத்த வெச்சு எப்ப வருவேன்னு சொல்ல முடியுமா? எவன் இடிக்கிறான், எவன் வழிய அடைச்சிக்கினு பேரம் பேசுறான், அத வெச்சுதான். பாதிப் பேரு வெறுத்துப்போய் வந்த வழியே போயிடுவான்."

"பை வாங்காம திரும்பிப் போறவன நானே தெனம் பாக்குறேன். இதுக்கா டாக்டர் பட்டம் குடுக்குறானுங்க?"

சூரியன் சீறும் ஆண்டுகளில் பூமிக்கு வரும் துகள்கள் குறையும். அந்தக் குறைவு உடனே தெரியாது, சில மாதம் பின்தங்கும். அந்தத் தாமதத்தில் பெரும் பங்கு கொந்தளிப்பினுடையது என்பது உன் கட்சி. உன் வரைபடம் அதைச் சந்தேகமே இல்லாமல் காட்டியது. அவ்வளவு சுத்தமாக வந்தபோதே நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

கணினிக்கு ஒரு தொடக்க எண் கொடுத்தால் அதிலிருந்து ஒரு கொந்தளிப்பை உண்டாக்கும். மறுபடி அதே எண்ணைக் கொடுத்தால் மறுபடி அதே கொந்தளிப்பு, ஒரு சுழல் பிசகாமல். பிழை தேடும்போது எல்லோரும் அந்த எண்ணைப் பூட்டி வைப்போம், இல்லாவிட்டால் விடை தினம் ஒன்றாக வரும். தேடி முடித்ததும் திறந்துவிட வேண்டும். நீ திறக்கவில்லை. நீ அனுப்பிய அத்தனை துகளும் ஒரே கூட்டத்துக்குள் நடந்து வந்தன. ஒரே ஞாயிற்றுக்கிழமையை ஆயிரம் தடவை ஓட்டிவிட்டு, எல்லா ஞாயிறும் இப்படித்தான் என்று எழுதிவிட்டாய்.

அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். திட்டுவதற்கு ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எண்ணை மாற்றி மூன்று ஓட்டம் போட்டேன். ஒன்றில் தாமதமே இல்லை. கடைக்குப் போனேன்.

உங்க அத்தா கல்லாவுக்குப் பின்னால் காலண்டரைக் கழற்றிவிட்டு இடம் பண்ணி வைத்திருந்தார். கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு அங்கே மாட்டப் போகிறாராம். நின்றபடியே சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

"அதுல எழுதியிருக்கறது தப்பா இருக்கும்போல தெரியுதுப்பா."

"யாரு பண்ண தப்பு? நீயா, அவனா?"

"அவன்தான்."

காலண்டர் இருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "இங்க வர்றவன் பை வாங்க வர்றான் தம்பி. எவன் அதப் படிச்சு தப்பு கண்டுபுடிக்கப் போறான்?" என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

"இங்க இல்லப்பா. வெளிய நாலு பேரு அத நம்பி மேல கணக்கு போடுவாங்க."

யாரோ சக்கரம் வைத்த பெட்டி கேட்டு வந்தார்கள். எழுந்து போய், ஜிப்பை இழுத்துக் காட்டி, விலை பேசி, விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவன் இருந்தா இன்னா பண்ணுவான்?"

"மூணு நாள் எங்கூட சண்ட போடுவான். நாலாவது நாள் மாத்துவான்."

"அப்ப மூணு நாள் கழிச்சு மாத்து."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை, கிளம்பிவிட்டேன்.

மூன்று நாளும் கட்டுரையில் கை வைக்கவில்லை. ஓட்டத்தை மட்டும் போட்டுவிட்டு, உன் பக்கம் நின்று பேசிப் பார்த்தேன். ஒரு மைனஸ் குறிக்காக நீ என்னோடு மூன்று நாள் முறுக்கிக்கொண்டு, நாலாம் நாள் முதலியார்பேட்டை டீக்கடையில் "மாத்திட்டேன்" என்று மட்டும் சொன்னாயே, அந்தத் திமிரோடுதான் பேசினேன். பதினொன்றில் வருகிறதே, அது சும்மாவா என்றேன். நான் எதைச் சொன்னாலும் நீ கேட்கிற "எத வெச்சு சொல்ற?" பதிலாக வந்தது. அது இன்னும் உன் குரலில்தான் வருகிறது. வேறு எதையும் உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டதாக ஞாபகமில்லை. மூன்றாம் நாள் ராத்திரி உன் கட்சியை விட்டுவிட்டேன். அலுத்துவிட்டது.

இன்று நாலாவது நாள். செய்ய வேண்டியவை:

1. கட்டுரையைத் திரும்பப் பெறுவது. காரணத்தை மழுப்பாமல் எழுதுவது.

2. இருநூறு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் புது எண். இருபதை வைத்து நீ தோற்றாய் என்றும் சொல்ல முடியாது.

3. தாமதம் நின்றாலும் விழுந்தாலும் மறுபடி எழுதுவது. உன் பெயர்தான் முதலில்.

4. சாயங்காலம் கடைக்குப் போவது. எத்தினி நாளாகும் என்று உங்க அத்தா கேட்டால், தெரியாது என்று சொல்வது. சொல்லிவிட்டு ஓடிவராமல், கடை அடைக்கும்வரை அவரோடு உட்கார்ந்திருப்பது.