கணவாய்க்கு ஏற்ற கார்

பெவர், ஆகஸ்ட் 21

அன்புள்ள மெங்கியா,

நம் மகளின் கல்யாண விருந்தில், சூப்புக்கும் மீனுக்கும் நடுவில், மேஜையின் மறுபக்கத்திலிருந்து என்னை ஒரு கேள்வி கேட்டாய். "துரி, பனிக்காலத்துல மலை ஏற எந்தக் கார் நல்லது? கரண்டா, டீசலா, பெட்ரோலா?" நீ சூரிச்சுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, இந்த நாலு வருஷத்தில் நீ என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். என் வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் மாமா பேச எழுந்துவிட்டார்.

அதோடு இன்னொன்றும் சொன்னாய். "பயமில்லாம ஓட்ட ஒரு வண்டி கெடைச்சா, இந்தப் பனிக்காலம் முழுக்க மேல வந்து இருக்கேன்." காதில் விழாதவன் போல இருந்துவிட்டேன். ஆனால் நன்றாகவே விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அறை ஜன்னலின் கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மூன்று பேர் மூட்டை தூக்கிக்கொண்டு மலை ஏறுவதாக நினைத்துக்கொள். டீசல் ஒரு சுமைகூலி. மெதுவாகத்தான் கிளம்புவான், உடம்பு சூடாக நேரம் எடுப்பான், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்க மாட்டான். தினமும் கடைத்தெரு வரை மட்டும் அனுப்பினால் அவனுக்கு உடம்பு கெட்டுவிடும்; அவனுக்கு நீண்ட தூரம் வேண்டும். பெட்ரோல், சொன்னவுடன் கிளம்புகிறவன். எவ்வளவு குளிரானாலும் எழுந்துவிடுவான், ஆனால் ஏற்றத்தில் நிறையத் தின்பான். மின்சாரம், சத்தமே இல்லாத பலசாலி. ஆனால் குளிரில் அவனுடைய பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

ஆக, விடை நீ எப்படி ஓட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது. இதை இன்னும் விளக்கமாக அடுத்த ஐந்து பக்கங்களில் எழுதியிருக்கிறேன். படமும் போட்டிருக்கிறேன்.

தோட்டத்தில் உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது.

துரி


சூரிச், ஆகஸ்ட் 30

அன்புள்ள துரி,

ஆறு பக்கமும் படித்தேன். ஆறாம் பக்கத்தின் கடைசி வரியும் 'பொறுத்தது' என்றுதான் முடிகிறது. முப்பத்தெட்டு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனிடம் ஒரு வார்த்தையில் விடை கேட்டது என் தப்பு.

நானே கார் கடைக்குப் போனேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன்னோடு முப்பது வருஷம் டப்பா மாதிரியான வண்டிகளில் குலுங்கியது போதும். இந்த முறை நீளமாக, தாழ்வாக, தோல் இருக்கை போட்ட சொகுசுக் கார்தான் வாங்கப்போகிறேன். ஊரில் யார் சிரித்தாலும் சரி.

விற்பனைக்கு நின்ற பிள்ளைக்கு நம் மகள் வயதுகூட இருக்காது. "மைனஸ் இருபதுல இது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"மேடம், சீட்டு சூடாகும்."

"சீட்ட விடுப்பா. வண்டி?"

"ஸ்டியரிங்கும் சூடாகும் மேடம்."

ஆனாலும் அந்த மின்சாரக் கார் எனக்குப் பிடித்துவிட்டது. ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தேன். யாரும் பேசாத வீடு மாதிரி இருந்தது. அதை வாங்கலாமா? 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுது. படம் வேண்டாம்.

மெங்கியா


பெவர், செப்டம்பர் 6

அன்புள்ள மெங்கியா,

ஆம். ஆனால்.

மேலே ஏறும்போது அது குடிக்கிற மின்சாரத்தில் கொஞ்சம் இறங்கும்போது திரும்பி வரும். அது நல்ல விஷயம். ஆனால் உச்சியில் பேட்டரியை நிறைய ஏற்றிவிட்டு இறங்கினால், திரும்பி வருகிற மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது. நிரம்பிய வாளியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். அப்போது வண்டி தானாக வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. எல்லா வேலையும் உன் காலுக்கு வந்துவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் செய்கிற தப்பு இது.

அடுத்தது, கிளம்பும் முன் சார்ஜில் செருகியபடியே வண்டியின் உள்ளே சூடாக்க வேண்டும். அதற்குக் கொட்டகையில் இணைப்பு வேண்டும். கராஜ் வைத்திருக்கிற ரியேத்தைக் கூட்டி வந்து காட்டினேன். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வாத்தியாரே, இந்த ஒயர்ல கெட்டில் போட்டாலே பியூஸ் போவுது. கார மாட்டினீங்கன்னா ஊரே இருட்டாயிடும்."

"புது ஒயர் போட எத்தனை நாளாகும்?"

"எலக்ட்ரீஷியன் வசந்தத்துல வருவாராம். எந்த வருஷ வசந்தம்னு சொல்லல."

பெட்ரோலைப் பற்றியும் யோசி. ஆனால் அந்த மாதிரி நீளமான கார்களில் பாதிக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நான்கு சக்கரமும் இழுப்பதாகக் கேள். அப்படி வாங்கினாலும் ஏமாந்துவிடாதே: நான்கு சக்கரம் ஏறுவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. வண்டியை நிறுத்துவது டயர். தோல் செருப்புப் போட்ட நாலு பேர் சேர்ந்து ஓடினாலும் பனிக்கட்டியில் நாலு பேரும்தான் விழுவார்கள்.

டீசலில் உள்ள குறைகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

துரி


சூரிச், செப்டம்பர் 14

துரி,

மின்சாரத்தில் குறை. பெட்ரோலில் குறை. டீசலின் குறை தனித்தாளில். உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது. மணி அடித்துவிடுகிறது, விடை மட்டும் வருவதில்லை. நான் வருவதில் உனக்கு விருப்பம் உண்டா, இல்லையா? அதற்கும் தனித்தாள் இருக்கிறதா?

வாங்கிவிட்டேன். டீசல். கருநீலம், நான்கு சக்கரமும் இழுக்கும். உன் தாளைப் படித்த எரிச்சலில் நேரே போய்க் கையெழுத்துப் போட்டேன். டாங்கை நிரப்பிக் கொடுத்தார்கள், ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். வண்டி இப்போது அடுக்குமாடியின் நிலவறையில் வெதுவெதுப்பாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏரி வரை போய் வருகிறேன்.

நவம்பர் 24 வெள்ளியன்று கிளம்புகிறேன். நாள் முழுக்க ஓட்ட மாட்டேன். கணவாய்க்கு இந்தப் பக்கம் பீவியோவில் விடுதியில் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை வெளிச்சத்தில் யூலியர் கணவாயைக் கடப்பேன். மதியம் பார்லி சூப்புக்கு வீட்டில் இருப்பேன்.

மெங்கியா


பெவர், செப்டம்பர் 22

அன்புள்ள மெங்கியா,

விருப்பம் உண்டு. தனித்தாள் இல்லை.

பனிக்கால டயரை அக்டோபரிலேயே மாட்டிவிடு. சங்கிலியை வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை மாட்டிப் பழகு. வெளியே விரல் மரத்துப்போனால் பழக முடியாது. மண்வாரி, கம்பளி, கண்ணாடி கழுவும் நீரில் உறையாத கலவை. இறக்கத்தில் சின்னக் கியர். தாழ்வான வண்டி என்பதால் சாலை நடுவில் மிதமிஞ்சிய பனி இருந்தால் போகாதே.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் பீவியோவுக்கு வந்துவிடுகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் சொல்லிக்கொண்டு வருகிறேன். பயப்பட வேண்டாம்.

துரி


சூரிச், செப்டம்பர் 25 (அஞ்சலட்டை)

வேண்டாம். என் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். ஏன் என்று உனக்குத் தெரியும். நீ வீட்டிலேயே இரு.

மெ.


சூரிச், நவம்பர் 28

துரி,

சனிக்கிழமை மதியம் நீ சூப்பை வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாய். போனில் "வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இப்போது காரணத்தை எழுதுகிறேன்.

வெள்ளி மாலை பீவியோவுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தேன். கார் ஒரு ராணி மாதிரி ஏறியது. விடுதி வாசலில் நிறுத்தினேன். காலையில் மைனஸ் இருபத்தொன்று. சாவியைத் திருப்பினேன். இரண்டு நிமிடம் ஓடியது, இருமியது, நின்றது. அப்புறம் அசையவில்லை. சீட்டு மட்டும் சூடானது.

இழுவை வண்டிக்காரர் வந்து மூடியைத் திறந்தார். எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "எப்ப டீசல் போட்டீங்கம்மா?"

"செப்டம்பர்ல. கடைக்காரங்க போட்டுக் குடுத்தாங்க."

"அட கடவுளே! வெயில் காலத்து டீசல ஊத்திக்கிட்டா யூலியர் ஏற வந்தீங்க? உள்ள எல்லாம் மெழுகாயிருச்சு. இவ்வளவு பெரிய காரு, ஒரு மெழுகுவத்தி ஆயிருச்சு பாருங்க!"

பனிச்சறுக்குக்கு வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து ரயில் பிடித்து வீடு வந்தேன்.

இருபது பக்கம் எழுதியிருக்கிறாய், துரி. சுமைகூலி, வாளி, தோல் செருப்பு. குளிரில் கோடை டீசல் உறையும் என்று ஒரு வரி இல்லை. உன் ஊரில் எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறை டாங்கைக் காலி செய்து நிரப்புகிறவர்கள். அதனால் இது உனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதம் வண்டியை நிலவறையில் வைத்து, ஞாயிறு மட்டும் ஏரி வரை ஓட்டுகிறவளின் டாங்க் எப்படியிருக்கும் என்று நீ யோசிக்கவில்லை. அதை மன்னித்துவிடலாம். மறதிதான்.

மறதியில் சேராத இன்னொரு விஷயமும் அந்த இருபது பக்கத்தில் விடுபட்டிருக்கிறது. யூலியரிலிருந்து நம் பக்கம் சில்வப்பிளானாவுக்கு இறங்குகிற இரண்டாவது வளைவு. நாலு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர். ஓட்டியவள் நான். பிரேக்கை மிதித்தேன். நீ கத்தினாய், என் கையிலிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாய். வண்டி பனிச்சுவரில் மோதியது. மறுவாரம் சீட்டாட்ட மேஜையில் ஊரே பேசியது: "மெங்கியா பயந்து போயிட்டாளாம்ல." நீ அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாய். கையில் சீட்டு இருந்தது. வாயில் ரொட்டிகூட இல்லை.

நான் தேடியது டீசலோ பெட்ரோலோ இல்லை. பக்கத்திலிருந்து யாரும் கைநீட்ட முடியாத ஒரு கார். அது எந்தக் கடையிலும் இல்லை.

காரை விற்கச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் 15-ஆம் தேதி ஆள் போய் எடுத்துக்கொள்வார். இந்தப் பனிக்காலம் நான் வரவில்லை.

மெங்கியா


பெவர், டிசம்பர் 5

அன்புள்ள மெங்கியா,

இந்தக் கடிதத்தில் உதாரணம் எதுவும் இல்லை.

நான் ஸ்டியரிங்கை இழுத்தேன். நீ பயப்படவில்லை. நீ மிதித்தபோது பிரேக் மிதி உன் காலடியில் அதிர்ந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி தானே விட்டுவிட்டுப் பிடிக்கிற அதிர்வு அது. நீ காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாய், அதுதான் சரி. அந்தச் சத்தத்தை நான் சறுக்கல் என்று நினைத்துவிட்டேன். இயற்பியல் வாத்தியாராக இருந்தும் அப்படி நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய் அந்த வளைவில் இறங்கிப் பார்த்தேன். புதிதாகப் பனி விழவில்லை, தடம் அப்படியே இருந்தது. பன்னிரண்டு அடி தூரம் கோடு போட்டது போல நேராக வந்திருந்தது. அதற்கப்புறம் ஒரே வெட்டாகச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. திரும்பிய இடம் என் கை. அங்கேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அன்றும், மாதக் கடைசியில் நீ பெட்டி கட்டியபோதும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

நேற்று சீட்டாட்ட மேஜையில் சொன்னேன். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். ரியேத்துதான் வாய் திறந்தான்.

"நாலு வருஷமா எங்கள நம்ப வெச்சீங்களே வாத்தியாரே. எங்க பிள்ளைங்க ஒரு கணக்கத் தப்பாப் போட்டா காதத் திருகுவீங்க."

"ஆமா."

"அந்தம்மா கடைக்கு வர்றப்போ நான் கிண்டல் பண்ணியிருக்கேன். 'பிரேக் பத்திரம்'னு. இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டுப் பாக்கறது?"

ஆட்டம் பாதியில் நின்றது. எனக்கு வணக்கம் சொல்லாமலே எல்லோரும் கிளம்பினார்கள். அது நியாயம்தான்.

இன்று காலை ரியேத்து பீவியோவுக்குப் போனான். நான் போகச் சொல்லவில்லை, அவனே போனான். உன் காரை விடுதியின் சூடான கொட்டகையில் தள்ளி வைத்திருக்கிறார்கள். வடிகட்டியை மாற்றி, பழைய டீசலை வடித்துவிட்டு, பனிக்கால டீசல் ஊற்றியிருக்கிறான். கிளப்பிப் பார்த்தானாம், ஓடுகிறது. சாவி விடுதிக்காரம்மாவிடம் இருக்கிறது. நான் அந்தக் காரைத் தொடவில்லை, பார்க்கவும் இல்லை.

நீ அதை விற்கலாம். இங்கே வராமலும் இருக்கலாம். அதற்கு உனக்கு உரிமை உண்டு. நான் இதை எழுதுவது உன்னை வரவழைக்க இல்லை. ஆனால் உன் காலின் மேல் உனக்கு இருந்த நம்பிக்கையை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். காரை நீ விற்றாலும் சரி, அந்த நம்பிக்கையை உன்னிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒரே ஒரு வேலை சொல்கிறேன்.

பதினைந்தாம் தேதிக்கு முன் ஒருநாள் பீவியோவுக்குப் போ. காலை எட்டு மணிக்குச் சறுக்குக்காரர்கள் வருவதற்கு முன், விடுதிக்குப் பின்னால் இருக்கிற பெரிய நிறுத்துமிடம் காலியாக இருக்கும், தரை முழுக்கப் பனி இருக்கும். காரில் தனியாக ஏறிக்கொள். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போ. பிறகு, மிதி அதிர்ந்தாலும் காலை எடுக்காமல், வண்டி நிற்கும் வரை முழு பலத்தோடு பிரேக்கை அழுத்து.

துரி