பிள்ளையைத் தாண்டிய சத்தியம்

கொழிஞ்சாம்பாறை,
ஸ்ரீமுக வருஷம் ஆனி 14.

சூரியநெல்லி எஸ்டேட்டில் வீரபாண்டிக் கங்காணியாரிடம் தங்கியிருக்கும் என் மாமா காளிச்சாமி அவர்களுக்கு, மயிலாத்தாள் வணங்கி எழுதுவது. நானும் மாமனாரும் குழந்தை செல்லாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் கைக்கட்டை அவிழ்த்தாயிற்றா, மலைக் குளிரில் குடைச்சல் எடுக்கிறதா என்பதை முதலில் எழுதுங்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த சங்கதியைக் கங்காணியாரின் ஆள் ஒருவர் வந்து சொன்னார். நீங்களே இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஒடிந்தது இடது கைதானே? பெண்டாட்டிக்குக் கடிதம் எழுத வலது கை போதும்.

வாய்க்காலில் கிடந்த காரை மாடு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். நம் மாடுகளும்தான் இழுத்தன. முன் அச்சு ஒடிந்து, விளக்கு இரண்டும் நொறுங்கிப் பார்க்கவே பாவமாக இருந்தது. கோயமுத்தூரிலிருந்து கார் கம்பெனி மானேஜர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலை பேசி முடியாத வண்டி, ஆகவே இன்னும் கம்பெனிச் சொத்துதான், ஓட்டிப் பார்த்தபோது யார் கையில் சேதமானதோ அவர் தண்டம் கட்டட்டும், அது யார் என்று ஊரே சொல்லட்டும், அதுவரை போலீசுக்குப் போகமாட்டேன் என்றார். வாங்க வந்தவரிடம் ஓட்டக் கொடுத்த குற்றத்துக்கு உங்கள் டிரைவர் வேலை போய்விட்டது என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

அதற்குப் பிறகு மாரியம்மன் கோயிலில் ஊர் கூடியது. அங்கே நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாளை உங்களை யாராவது விசாரித்தால் இரண்டு பேர் பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரிய தோட்டத்துச் செங்கோட்டையன் கார் வாங்க ஆசைப்பட்டுக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். ஊர்ப்பிள்ளை என்று கம்பெனி உங்களிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பியது. அவர் சம்சாரம் ராமாத்தாள் வண்டி வாங்கியாகிவிட்டது என்றே நினைத்து, பொட்டு வைத்து ஆரத்தி எடுத்தார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். தானே ஓட்டிப் பார்ப்பேன் என்று பெரிய தோட்டத்தார் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. வண்டி வாசலை விட்டுப் போனபோது அவர்தான் ஓட்டினார், ஊரே பார்த்தது. பனைமர வளைவு தாண்டி வாய்க்கால் பாதையில் இறங்கிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வண்டிக்குள் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

இப்போது பெரிய தோட்டத்தார் சொல்வதைக் கேளுங்கள். வளைவு தாண்டியதும் அவருக்குப் பயம் வந்துவிட்டதாம், உங்களிடமே ஓட்டக் கொடுத்துவிட்டாராம், நீங்கள்தான் வாய்க்காலில் தள்ளினீர்களாம். இத்தனை வயதுக்கு எதற்கும் பயப்படாத மனுஷனுக்கு அந்த வளைவில் மட்டும் பயம் வந்திருக்கிறது. ஆரத்தி எடுத்தபோதே வண்டி அவருடையது ஆகிவிட்டது, சேதமும் அவருடையதுதான் என்று நான் சொன்னேன். ஆரத்தி வண்டிக்கு இல்லை, வண்டியில் ஏறிய எனக்கு என்று அவர் சொன்னார். ராமாத்தாள் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்டம் நம் தலையில் விழுந்தால் மாடுகள் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் உழுகிற குத்தகைக் காடும் அவருடையதுதான். அதுவும் போகும்.

பார்த்த சாட்சி இல்லை, பழி சொல்கிறவர்கள் பிள்ளையைத் தாண்டிச் சத்தியம் செய்யட்டும், ஆடி அமாவாசை வரை பிள்ளைக்கு ஒரு குறையும் வராவிட்டால் பெரிய தோட்டத்தார் தண்டம் கட்டட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாமனார் எழுந்தார். எழுந்தவர் செல்லாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போலீஸ் வரும் என்று பயந்து நீங்கள் புறப்படும்போது என்னிடம் சொன்னது, "அவருதான் ஓட்டுனாரு புள்ள" என்ற ஒரே வார்த்தை. அது எனக்குப் போதும். இடுப்பிலிருந்து செல்லாவை இறக்கி, சன்னதி முன்னால் ஈரத் துணி விரித்துப் படுக்கவைத்தேன். கற்பூரம் ஏற்றினார்கள்.

"வண்டி வாய்க்கால்ல உழுந்தப்ப ஸ்டீரிங்கு பெரிய தோட்டத்தாரு கையிலதானுங்க இருந்துது. பொய்யின்னா இந்தப் புள்ள எனக்கில்லீங்க" என்று சொல்லித் தாண்டினேன். நான் தாண்டும்போது செல்லா சிரித்துக்கொண்டே என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

ஆகவே நீங்கள் பயப்பட வேண்டாம். அமாவாசை கழிந்ததும் ஊருக்கு வரலாம். கம்பளி வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, நம் பக்கம் நியாயம் இருப்பதால் நிம்மதியாகத் தூங்குகிற,
மயிலாத்தாள்.


கொழிஞ்சாம்பாறை,
ஆனி 25.

மாமா அவர்களுக்கு மயிலாத்தாள் எழுதுவது. முந்தின கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இந்தக் கடிதத்துக்காவது கிடைத்த அன்றே பதில் போடுங்கள்.

செல்லாவுக்குக் காய்ச்சல். முதலில் சளி என்று நினைத்தேன். இப்போது குளிர் தூக்கிப்போடுகிறது, பிறகு உடம்பு கொதிக்கிறது, பிறகு வேர்த்துக் கொட்டித் துவண்டுவிடுகிறாள். தர்மாஸ்பத்திரி கம்பவுண்டர் இது மலைக்காய்ச்சல், இந்த மழைக்கு ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று சொல்லிக் கொயினா மருந்து கொடுத்தார். கசப்பு தாங்காமல் பாதியைத் துப்பிவிடுகிறாள். கஞ்சி இறங்கவில்லை.

காய்ச்சல் பாதி ஊருக்கு இருக்கிறது. ஆனால் ஊர் எட்டிப் பார்ப்பது நம் வீட்டை மட்டும்தான். கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. குழந்தை எப்படி என்று கேட்கிறார்கள், அக்கறையாகத்தான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளையைப் பணயம் வைத்துப் பொய் சொன்னவள் என்று ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

நேற்று ராமாத்தாள் வந்தார். பெரிய தோட்டத்து வாசலை விட்டு அவர் நம் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. செல்லாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டார். யார் ஓட்டினார்கள் என்று நான் கேட்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரு ஓட்டுனாங்கன்னு எனக்கு வேண்டாம் மயிலா. சத்தியத்தத் திருப்பி வாங்கிக்கோ, புள்ளையக் காப்பாத்திக்கோ" என்றார். அவர் நல்லதற்குச் சொன்னாரா, புருஷனுக்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

மாமா, நான் பனைமர வளைவு வரைதான் பார்த்தேன். அதற்கு அப்பால் உங்கள் வார்த்தைதான். உங்களைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். சந்தேகப்படுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, பதில் மட்டும் போடுங்கள். குழந்தை அனத்தும்போது எனக்கு அந்த வளைவுக்கு அப்பால் இருக்கும் பாதைதான் கண்ணில் நிற்கிறது. அங்கே வண்டி ஒரு நிமிஷம் நின்றதா? அவர் இறங்கி நீங்கள் ஏறினீர்களா? கம்பெனிக்குப் பயந்தோ எனக்குப் பயந்தோ மாற்றிச் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மாடும் காடும் போனால் போகட்டும்.

சத்தியம் பொய்யானால் அமாவாசைக்குள் அதே சன்னதியில் பொய் என்று சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அம்மன் பிள்ளையை விட்டுவிடுவாள் என்று பூசாரி சொல்கிறார். சத்தியம் உண்மையாக இருந்தால் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டு இருக்கலாம். எது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆடி முதல் வெள்ளி வரை பார்ப்பேன்.

ஒரே வரி போதும். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், எழுதுங்கள்.

இப்படிக்கு,
செல்லாவின் அம்மா.


கொழிஞ்சாம்பாறை,
ஆடி 12.

மாமா அவர்களுக்கு மயிலாத்தாள் வணக்கம். செல்லா பிழைத்துக்கொண்டாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், மற்றதை நீங்கள் உட்கார்ந்து படிக்கலாம்.

முதல் வெள்ளி விடிந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. தபால்காரர் வரும் வழியைப் பார்த்துவிட்டு, குழந்தையை மாமனார் மடியில் கிடத்திவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஆடி வெள்ளிக் கூழுக்காக ஊர் முழுவதும் அங்கே இருந்தது. யாரையும் கூப்பிட்டுச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

"எம் புருசன்தானுங்க ஓட்டுனாரு. நான் பொய் சொன்னேனுங்க" என்று சொன்னேன். பெரிய தோட்டத்தார் அங்கேதான் நின்றிருந்தார். அவர் ஜெயித்த ஆள் மாதிரி இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதே ஏதோ தவறு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கியது. தண்ணீர் கேட்டாள். மருந்து இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்று கம்பவுண்டர் சொல்கிறார். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று ஊர் சொல்கிறது. நான் இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மழையில் மலைப்பாதை சரிந்து தபால் நின்றுபோயிருந்ததாம். ஸ்டீரிங் கடைசி வரை அவர் கையில்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்க்காலைப் பார்த்ததும் நீங்கள் எட்டித் திருப்பப் போனதில்தான் கை ஒடிந்தது என்றும், பிள்ளை சத்தியமாக இது உண்மை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். பிறகு கடிதத்தை அடுப்பில் வைத்துவிட்டேன். மாமனாருக்குக்கூடக் காட்டவில்லை.

மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காட்டை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. அதுவும் போதாது, மீதிக்கு உங்கள் பேரில் பிராது கொடுத்திருக்கிறது கம்பெனி. நீங்கள் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம். மாமனார் இரண்டு நாளாகத் தொழுவத்தில் வெறுமனே நிற்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், சாப்பிடுகிறார், மறுபடியும் போய் நிற்கிறார். எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு அறை தருவதாகக் கங்காணியார் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். குழந்தைக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் மூன்று பேரும் வருகிறோம். தேயிலைக் கொழுந்து கிள்ள நான் கற்றுக்கொள்வேன்.

இனி ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், நானும் முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சன்னதியில் நான் கடைசியாகச் சொன்னது இன்னொன்று. அதைச் சொன்ன பிறகுதான் பிள்ளை கண் திறந்தாள். மருந்தாலா அம்மனாலா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே லயத்தில் யார் கேட்டாலும் "வண்டியை ஓட்டியது நான்தான்" என்று நீங்கள் சொல்லுங்கள். போலீஸ் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்கள். மாமனார் கேட்டாலும் அப்படித்தான். என்னிடம்கூட இனி வேறு மாதிரி பேசாதீர்கள்.

நாளைக்குச் செல்லா பெரியவளாகி, நம்மை ஊரை விட்டு ஓட்டியது யார் அப்பா என்று உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்பாள். அவளிடமும் "நான்தான்" என்றே சொல்லிவிடுங்கள், மாமா.

நீங்கள் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் கையை நம்பி வருகிற,
மயிலாத்தாள்.